வாடை தெரியாதவள்

அய்யாத்துரையின் மனைவி பேராச்சிக்கு மோப்பம் கிடையாது என்பது தாராவியில் எங்கள் சந்து முழுக்கத் தெரிந்த விஷயம். அந்த வீட்டில் யாரும் அதை மறைத்ததில்லை. பால் திரிந்துவிட்டதா என்று தெரிய வேண்டுமானால் அவள் சொம்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவாள்.

"கோமதியக்கா, இத கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லுங்க. எம் மூக்குதான் செத்த மூக்காச்சே."

கோமதியம்மாள் மோந்து பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்பாள். கையோடு, "நீ குடுத்து வச்சவ பேராச்சி. இந்தத் தாராவியில மூக்கு இருந்து நாங்க என்னத்தக் கண்டோம்?" என்று ஒரு பெருமூச்சும் விடுவாள்.

அவள் சொன்னது கேலி இல்லை. மேற்கே கழிமுகத்தில் மீனவர்கள் பொம்பில் மீனைக் கயிற்றில் தொங்கவிட்டுக் காயப்போடுவார்கள். இன்னொரு பக்கம் குயவர்களின் சூளைப்புகை. நடுவில் வரிசையாகத் தோல்ஷாப்புகள். மழைக்காலத்தில் சாக்கடை பொங்கிச் சந்துக்குள் வரும்போது இவை எல்லாம் ஒன்றாகக் கலந்து, உண்ணும் சோற்றில் வந்து உட்காரும். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் சாப்பிட மாட்டார்கள்.

அய்யாத்துரை தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்காரர். உப்பிட்டு வரும் பச்சைத்தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் கிடத்தி, மயிர் கழன்றதும் எடுத்து மரத்திண்டின் மேல் விரித்து, இரண்டு பக்கமும் பிடியுள்ள வளைகத்தியால் கொழுப்பையும் சவ்வையும் வழிக்க வேண்டும். கத்தி ஒரு நூல் ஆழம் இறங்கினால் தோல் பாழ். யுத்த காலம்; பட்டாளத்து பூட்ஸுக்குத் தோல் எவ்வளவு போனாலும் போதவில்லை. ஞாயிறு தவிர ஓய்வில்லாத வேலை. அந்த வாடை நகக்கண்ணில் ஏறும், மயிர்க்காலில் இறங்கும். சோப்பு, சீயக்காய், எலுமிச்சம்பழத் தோல், எதற்கும் அசையாது.

எங்கள் வகையறாவில் அவரைப்போல நிமிர்ந்து நடந்தவர்கள் குறைவு. ட்ராமில் ஏறினால் எல்லோரையும்போல டிக்கெட் வாங்குவார்; ஆனால் உட்கார மாட்டார். பக்கத்தில் இருப்பவன் எழுந்து போவதைப் பார்க்க வேண்டாமென்று படியிலேயே நிற்பார். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி. அதைத் தாழ்வு என்று நினைக்க விடமாட்டார். "கூட்டம் குறையட்டும், நிதானமாச் சாப்பிடணும்" என்பார்.

அவருக்கு முதலில் கட்டிவைத்தது களக்காட்டுப் பக்கத்துப் பெண்ணை. பம்பாய்க்கு வந்த ஒரு வாரத்தில் அவளுடைய அண்ணன் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டான். காரணத்தை அவன் சந்தில் நின்றே சொன்னான். அதற்குப் பிறகு சில வருடங்கள் அய்யாத்துரை ஊர்ப்பக்கம் போகவில்லை. பிறகு வள்ளியூரிலிருந்து பேராச்சி வந்தாள். சின்ன வயதில் பெரியம்மை கண்டதில் தனக்கு மூக்கு போய்விட்டது என்று வந்த அன்றே புருஷனிடம் சொன்னாள். அவர் அந்தக் குறையைப் பிரசாதம்போல ஏற்றுக்கொண்டார்.

மற்ற தோல்ஷாப்புக்காரர்கள் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டு வாசலிலேயே படுப்பார்கள். அய்யாத்துரை நேராக உள்ளே போவார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். பேராச்சி பக்கத்தில் உட்கார்ந்து பரிமாற, நிதானமாகச் சாப்பிடுவார்.

உண்மை என்னவென்றால், பேராச்சியின் மூக்குக்கு ஒரு குறையும் இல்லை.

அது யாருக்கும் தெரியாது. ரேஷன் வந்த அந்த வருடம், கடையில் போட்ட புழுங்கலரிசியின் மக்கல் வாடையைச் சகிக்காமல் சந்தே முகம் சுளித்தது. அவள் சுளிக்காமல் தின்றாள். வெள்ளிக்கிழமைதோறும் அய்யாத்துரை அவளுக்குக் கனகாம்பரம் வாங்கி வருவார். மல்லிகை வாங்கி வீணாக்குவானேன் என்பது அவர் கணக்கு. அவளும் அதைத் தலை நிறைய வைத்துக்கொண்டாள்.

எப்போதாவது மாட்டுங்காவுக்குக் கோயிலுக்குப் போகும்போது மட்டும் பூக்கடைகளின் பக்கம் கொஞ்சம் மெதுவாக நடப்பாள்.

அங்கேதான் நம்பிராஜன் பார்த்துவிட்டான். அவன் அய்யாத்துரையின் தம்பி, கல்யாணமாகாதவன், அதே வீட்டில் இருந்தவன். ட்ராம் கண்டக்டர். கிங்ஸ் சர்க்கிளில் வண்டி நின்றபோது, மதினி ஒரு பூக்கூடையின் முன்னால் நின்று மரிக்கொழுந்துக் கட்டை முகத்தோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டிருப்பதைக் கண்டான். முகத்தை எடுக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. பிறகு கட்டைக் கூடையிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு நடந்தாள். நம்பிராஜன் மணியை அடித்தான், வண்டி நகர்ந்தது.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவனுக்கு நாடகப் பைத்தியம் இருந்தது. சந்து வாலிபர்களைச் சேர்த்துக்கொண்டு வருடத்துக்கு ஒரு நாடகம் போடுவான். எழுதுவதும் பழக்குவதும் மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பதும் அவனே. பார்த்ததை அவனால் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தகரக் கூரையில் மழை கொட்டியது. ஒழுகுகிற இடங்களில் பாத்திரங்களை வைத்துவிட்டுப் பேராச்சி ரேஷன் அரிசியைச் சுளகில் புடைத்துக்கொண்டிருந்தாள். அய்யாத்துரை வெளியே போயிருந்தார். நம்பிராஜன் கதவோரம் உட்கார்ந்து ஆரம்பித்தான்.

"மதினி, இந்தத் தடவை நாடகம் ரெடி. கேக்கீயளா?"

"கேக்காம எங்க போவேன், இந்த மழையில? சொல்லு."

"தோல்ஷாப்புக்காரன் ஒருத்தன். மாடசாமின்னு பேரு. அவன் பொண்டாட்டிக்கு வாடை தெரியாது."

சுளகு நின்றது.

"ஏல, என்னையவா மேடையில ஏத்துத?"

"முழுசாக் கேளுங்க மதினி. மாடசாமி முதல்ல தெனம் குளிச்சிக்கிட்டுதான் இருக்கான். இவளுக்குத்தான் தெரியாதேன்னு ஒருநா விட்டு ஒருநாங்கான். பொறவு வாரத்துக்கு ஒருக்க. பொறவு பச்சத்தோலயே வீட்டுல கொண்டாந்து அடுக்குதான். கட்டிலுக்கு அடியில கருவாட்டு யாவாரம்."

"சவத்த. அவ ஒண்ணும் சொல்லலியா?"

"'உங்க வீடு, உங்க கருவாடு'ங்கா. வீட்டுக்காரன் வாடகை கேக்க வாரான். வாசப்படியில கால வச்சதும் மயங்கி விழுந்துருதான். தெளிய வச்சா, மறுபடியும் ஒரு மூச்சு இழுத்து மறுபடியும் விழுதான். கடைசியில வாடகையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு நாலு பேரு தூக்கிட்டுப் போறாக."

பேராச்சி வாய்விட்டுச் சிரித்தாள். சுளகிலிருந்து அரிசி சிதறியது. "நல்லா இருக்குல. பொறவு?"

"பொறவு மாடசாமி செத்துப்போறான்."

"ஐயையோ. என்னல இப்படிச் செய்த?"

"சாப்பிட்டுட்டுச் சாஞ்சான், அம்புட்டுதான். அவ அழல. பக்கத்துல உக்காந்து விசிறுதா. வேளைக்குச் சோறு போட்டு வைக்கா. 'வெயிலு ஏறிட்டு, எந்திரிங்க'ங்கா. இப்படியே நாளு போவுது. சந்துக்காரங்க மூக்கப் பொத்திக்கிட்டு வந்து, 'ஏத்தா, வீட்டுல என்ன வாடை?'ங்காக. 'எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே'ங்கா."

மழை கூரையை அறைந்தது. பேராச்சி சுளகைக் கீழே வைத்தாள்.

"அவளுக்கு நெசமாவே தெரியாதா? இல்ல, தெரிஞ்சுதான் சொல்லுதாளா?"

"அதுதான் கடைசிக் காட்சி" என்றான் நம்பிராஜன், அவள் முகத்தைப் பார்க்காமல். "மாடசாமியத் தூக்கிட்டுப் போயிருதாக. வீட்டக் கழுவி, பினாயில் தெளிச்சு, ஊதுபத்தி கொளுத்தி வச்சிட்டு எல்லாரும் போயாச்சு. இவ தனியா நிக்கா. மெல்ல மூச்ச இழுத்துப் பாக்கா. மூக்கப் பொத்திக்கிட்டு, 'ஆத்தாடி, இப்பத்தானே நாறுது'ங்கா. படுதா விழுது."

ஒழுக்குப் பாத்திரம் நிறைந்து வழிந்தது. பேராச்சி எழுந்து போய் அதைக் கொட்டிவிட்டு வந்தாள்.

"எங்க வச்சுப் பாத்த என்னைய?"

"மாட்டுங்கா பூக்கடையில. ட்ராம்ல இருந்து."

"யாரு யாருகிட்ட சொல்லியிருக்க?"

"சாமி சத்தியமா யாருகிட்டயும் இல்ல. இது கதைதானே மதினி? பேரு வேற, ஊரு வேற."

"உங்கண்ணனுக்குத் தெரியக்கூடாதுல."

"தெரிஞ்சா என்ன? இப்படி ஒருத்தி நமக்குன்னு இருந்திருக்காளேன்னு சந்தோசந்தானே படுவாக?"

"சந்தோசமா?" பேராச்சி அவனை நேராகப் பார்த்தாள். "நீ புத்தகம் படிக்கிறவன், உனக்கு இது எப்படித் தெரியாமப் போச்சு? அவுக வெளிய எங்கயாவது சாஞ்சு உக்காந்து பாத்திருக்கியா? யாரு பக்கத்துல போனாலும் காத்து எந்தப் பக்கம் அடிக்குன்னு பாத்துட்டுத்தான் நிப்பாக. இங்க வந்துதான் அந்த நெனப்பு இல்லாம காலை நீட்டுதாக. நான் மோந்துக்கிட்டேதான் இருந்தேன்னு தெரிஞ்சா அந்தக் காலை மடக்கிருவாக. அப்புறம் நீட்டமாட்டாகல."

"மாட்டுங்காவுலருந்து வெங்கடேஸ்வரன் சார் பாக்க வாராரு மதினி. தெனம் என் வண்டியிலதான் ஆபீசு போறாரு. நல்லா இருந்தா அவுக சபாவுல போடலாம்னிருக்காரு. அங்க கரண்டு வெளக்கு, வெல்வெட்டுப் படுதா. இந்தக் கடைசிக் காட்சிக்காகத்தான் அந்தக் கதையே."

"எனக்கு அந்தக் கடைசி ஒண்ணுதான் பயம்" என்றாள் பேராச்சி.

அவன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி, மழையிலேயே வெளியே போனான்.

*

மழை விட்டதும் ஒத்திகை தொடங்கியது. பெண்டாட்டி வேஷம் ஷேக் பரீதுக்கு. அவன் அதே தோல்ஷாப்பில், வழித்த தோலை மரப்பட்டைச் சாற்றில் ஊறப்போடும் பட்டைத் தொட்டியில் வேலை செய்பவன். ஒல்லியான உடம்பு, இழைகிற குரல். ஒரு நாள் அய்யாத்துரை தோலை வழித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, இடுப்பில் கைவைத்து நின்று குழைந்தான்.

"அண்ணாச்சி, இந்த வருசம் நாந்தான் நம்ம பேராச்சி மதினி. எப்படி இருக்கேன்?"

"என்னல சொல்லுத?"

"மூக்கு செத்த பொண்டாட்டி வேசம். நம்பி சொல்லலியா?"

அய்யாத்துரை கத்தியைக் கழுவித் துடைத்து மாட்டினார். வேலை நேரம் முடியாமல் அவர் கத்தியை மாட்டியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

வீட்டில் நம்பிராஜன் காக்கிச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தான். அய்யாத்துரை உட்காரவில்லை.

"ஏல, வீட்டுப் பொம்பளையோட ஊனத்த ஊரு சிரிக்க மேடையில ஏத்துதியா?"

"பேரு வேற அண்ணே..."

"தாராவியில மூக்கு செத்தவ எத்தனை பேருல இருக்கா? சின்னப்புள்ள கூட வெரல நீட்டிச் சொல்லும். உனக்குச் சோறு போட்டவள நீ கூத்துப் பொருளாக்குவ, நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? நாடகமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நாளைக்கே எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிரு."

"ஒரு மாசமாப் பழகியிருக்கோம்ணே. வெளி மனுசரெல்லாம் வாராக. நல்ல கதை அது. அதுல மதினியக் கேவலமா ஒரு வார்த்தை இல்ல."

"ஊனத்தச் சொல்லுததே கேவலந்தான்."

"ஊனமா?" நம்பிராஜனின் குரல் ஏறியது. "மதினிக்கு என்ன ஊனம் கண்டீய? அவுகளுக்கு..."

"நம்பி!" என்றாள் பேராச்சி.

இரண்டு ஆண்களும் திரும்பினார்கள். அடுப்படியிலிருந்து அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவன் அடுத்த சொல்லைச் சொல்லிவிடுவதற்குள் ஏதாவது பேசியாக வேண்டும்.

"நாடகம் நடக்கட்டும்" என்றாள்.

"நீ என்னட்டி சொல்லுத?"

"எனக்குச் சொல்லிக் காட்டித்தான் செஞ்சான். விழுந்து விழுந்து சிரிச்சேன். எங்குறைக்கு நானே சிரிச்ச பொறவு அதுல யாரு மானம் போவும்? இப்ப நிறுத்தினாத்தான் சந்து பேசும். அய்யாத்துரைக்குப் பொண்டாட்டி மூக்கு வெக்கமாப் போச்சுதோன்னு."

"எனக்கு என்ன வெக்கம்?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

அய்யாத்துரை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "சரி. நடக்கட்டும். நான் முன்வரிசையில உக்காந்து பாப்பேன். அய்யாத்துரை ஒளிஞ்சிக்கிட்டான்னு ஒருத்தன் சொல்லக் கூடாது" என்றார்.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. வழக்கமாக அவர் நாடகத்துக்கே போகமாட்டார்.

மறுநாள் விடியற்காலையில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, வேலைக்குப் புறப்பட்ட நம்பிராஜனை நிறுத்தினாள். "கடைசிய மாத்துதியா, இல்லியா?"

"எப்படி மாத்தச் சொல்லுதீய?"

"அவளுக்கு நெசமாவே மூக்கு கெடையாது. அம்புட்டுதான். எல்லாரும் போன பொறவு உக்காந்து அழட்டும். 'சாமி, எனக்கு ஏன் மூக்கக் குடுக்கல'ன்னு அழட்டும்."

"அப்படி வச்சா அது கதையே இல்ல மதினி."

"எனக்குக் கதை வேண்டாம்."

அவன் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டு நின்றான். "சரி. மாத்திருதேன்" என்றான்.

*

யுத்தக் கட்டுப்பாட்டில் தெருவிளக்குகளுக்கெல்லாம் கறுப்பு மூடி போட்டிருந்தார்கள். இரவில் நாடகம் போட வழியில்லை. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வைத்தார்கள். தோல்ஷாப்பு முதலாளி கரீம் பாட்சா காயப்போடும் முற்றத்தைக் கொடுத்தார். மூங்கில் சட்டங்களில் தொங்கிய தோல்களை நகர்த்தி இரண்டு பக்கமும் மறைப்பாக நிறுத்தினார்கள். நடுவில் கோமதியம்மாளின் கட்டில். முன்னால் கடன் வாங்கிய நாற்காலிகள். வெயிலில் தோல் வாடை ஆவியாகக் கிளம்பியது.

வெங்கடேஸ்வரன் கோட்டும் அங்கவஸ்திரமுமாக வந்தார். மூக்கில் வாசனைக் கைக்குட்டை. அவரை முன்வரிசை நடுவில் உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலி அய்யாத்துரைக்கு. அவர் புது வேட்டி கட்டி, தலையைப் படிய வாரி, முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்தார். வெங்கடேஸ்வரன் ஏதோ வெயில் படுவதுபோலத் தம் நாற்காலியைக் கொஞ்சம் அப்பால் நகர்த்திக்கொண்டார். பெண்கள் பக்கவாட்டில் பாயில் இருந்தார்கள். பேராச்சி கோமதியம்மாளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

ஷேக் பரீது சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்ததுமே முற்றம் சிரித்தது. மாடசாமி தோலைச் சுமந்து வீட்டுக்குள் கொண்டுவந்தான், சிரித்தார்கள். கட்டிலுக்கடியிலிருந்து கருவாட்டுக் கூடை வந்தது, சிரித்தார்கள். அய்யாத்துரை இறுகிய முகத்தோடுதான் இருந்தார். ஆனால் வாடகைக்கு வந்தவன் மூன்றாவது முறை மயங்கி விழுந்தபோது அவர் தோள்கள் குலுங்குவதைப் பேராச்சி பார்த்தாள். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மாடசாமி செத்தான். ஷேக் பரீது பக்கத்தில் உட்கார்ந்து ஓலை விசிறியால் விசிறினான். முற்றத்தில் ஈக்களுக்குப் பஞ்சமில்லை. நிஜமான ஈ ஒன்று பிணத்தின் கன்னத்தில் உட்கார, பிணம் கன்னத்தைச் சுளித்தது. "ஏல, உசிரு இருக்குல!" என்று ஒருவன் கத்தினான். ஷேக் பரீது சிரிக்கவில்லை. ஈயை மெல்ல ஓட்டிவிட்டு, தலைப்பால் அந்தக் கன்னத்தைத் துடைத்தான். கூட்டத்தின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. சோற்றை வைத்து, "வெயிலு ஏறிட்டு, எந்திரிங்க" என்றபோது ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு கிழவர் இருமினார்.

பிணத்தைத் தூக்கிப் போனார்கள். தண்ணீர் தெளித்தார்கள். ஊதுபத்தி வைத்தார்கள். ஷேக் பரீது தனியாக நின்றான்.

நின்றவன் திகைத்துவிட்டான். ஒரு மாதமாக ஒன்றைப் பழகிவிட்டு, இரண்டு வாரமாக வேறொன்றைப் பழகியிருந்தான். இரண்டும் வாயில் முட்டின. அவன் கண் பக்கவாட்டில் தோல் மறைப்பை நோக்கிப் போனது. நம்பிராஜன் அங்கே நின்றுதான் வசனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் சொல்ல வேண்டியதெல்லாம் 'சாமி' என்ற ஒரே சொல்தான்.

நம்பிராஜன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. பிறகு அவன் வாயை மூடிக்கொண்டதை ஷேக் பரீது பார்த்தான்.

"என்ன புள்ள, சொல்லு!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

ஷேக் பரீது மெதுவாக மூச்சை இழுத்தான். முகம் கோணியது. தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"ஆத்தாடி... இப்பத்தானே நாறுது."

படுதாவாகக் கட்டியிருந்த ஜமுக்காளம் விழுந்தது. முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் கைதட்டல் எழுந்தது. பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து மட்டும் சத்தமே வரவில்லை. கோமதியம்மாள் மெல்லத் திரும்பிப் பேராச்சியைப் பார்த்தாள். எத்தனை சொம்புப் பால் மோந்திருப்பாள் அவள்.

"ஏட்டி பேராச்சி..." என்று ஆரம்பித்துவிட்டு, மேலே கேட்காமல் வாயை மூடிக்கொண்டாள்.

முன்வரிசையில் வெங்கடேஸ்வரன் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்த நம்பிராஜனின் தோளைத் தொட்டார். "பேஷ்! ரொம்ப ஜோரா பண்ணியிருக்கீர். எங்க சபாவிலே போடலாம்னுதான் தோண்றது. ஒண்ணே ஒண்ணு. இந்தத் தோல், கருவாடு சமாசாரமெல்லாம் எங்க மனுஷாளுக்கு அவ்வளவா ஒத்துக்காது. மாடசாமியை ஒரு அத்தர் வியாபாரியா மாத்திட்டா என்ன?"

அய்யாத்துரை அப்போதுதான் எழுந்தார். அன்று வீட்டில் தம்பி பாதியில் விட்ட வாக்கியத்தின் மீதி அவருக்குக் கிடைத்துவிட்டது. பெண்கள் பக்கம் அவர் திரும்பவில்லை. தம்பியையும் பார்க்கவில்லை.

"அத்தர் யாவாரி வீட்டுல எதுக்கு சார் நாடகம்?" என்றார்.

வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, கூட்டம் தானாகவே விலக, நிமிர்ந்தபடியே முற்றத்தைக் கடந்து போனார்.

பேராச்சி எழுந்து வரும்போது நம்பிராஜன் குறுக்கே வந்தான். "மதினி, வேணும்னு செய்யல. வாயி வரல" என்றான்.

"கை தட்டுதாங்கல்லா. போய் நில்லு" என்றாள் அவள், நிற்காமல்.

*

அவர் வீட்டில் இல்லை. குழாயடியில் இருந்தார். புது வேட்டியை ஒதுக்கி வைத்துவிட்டுத் துண்டோடு நின்று, வாளி வாளியாக ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். குடத்தோடு நின்ற பெண்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். தோள்பட்டை சிவந்துபோயிருந்தது. பேராச்சி தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் உலை வைத்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவர் வந்தார். வந்தவர் வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள வாங்க. சோறு ஆறுது."

"இங்கனயே வையி."

அவள் வைக்கவில்லை. நிலைப்படிக்கு உட்புறம் வந்து உட்கார்ந்தாள்.

"இத்தனை வருசமா என்னைய ஏமாத்தியிருக்க" என்றார், சந்தைப் பார்த்தபடி.

"ஏமாத்தல."

"பொறவு இதுக்கு என்ன பேரு?"

"வந்த அன்னைக்கு நான் பாயில உக்காந்தேன். நீங்க சுவரோட ஒட்டிக்கிட்டு நின்னீய. களவாண்டு மாட்டிக்கிட்டவன் மாதிரி. எம் புருசன் எதுக்கு அப்படி நிக்கணும்னு வந்துச்சு. வாயில வந்ததச் சொன்னேன். நீங்க உக்காந்தீய. அப்புறம் எப்படி மாத்திச் சொல்ல?"

"ஒரு வருசம் கழிச்சுச் சொல்லியிருக்கலாம்."

"என்னன்னு? நேத்து ராத்திரி எம் மூக்கு பொழச்சுக்கிட்டுன்னா?"

அவர் வாயோரம் அசைந்தது, அதை அடக்கிக்கொண்டார். "எரக்கப்பட்டிருக்க. ஒரு பொம்பள எனக்கு எரக்கப்பட்டு, மூச்சப் பிடிச்சிக்கிட்டுப் பக்கத்துல படுத்திருக்கா. அது தெரியாம நான் மகராசா மாதிரி இருந்திருக்கேன். எனக்கு ஒருத்தர் எரக்கமும் வேண்டாம்ட்டி."

அதுவரை தணிந்தே பேசிக்கொண்டிருந்த பேராச்சிக்குக் கோபம் வந்துவிட்டது.

"எரக்கமா? கோட்டிக்கார மனுசா, எரக்கப்பட்டா ஒரு மாசம் மூச்சப் பிடிக்கலாம். மீதி வருசமெல்லாம் எதப் பிடிச்சுக்கிட்டு இருந்தேனாம்? சுண்ணாம்புல நின்ன அன்னைக்கு ஒரு வாடை, பட்டைத் தொட்டிப் பக்கம் போன அன்னைக்கு ஒரு வாடை. மொதலாளி ஏசின அன்னைக்கு வேர்வையே வேற மாதிரி இருக்கும். நீங்க வாயத் தெறக்க முந்தி எனக்கு எல்லாம் தெரியும். அன்னைக்குக் கூட ஒரு கரண்டி எண்ணெய் விட்டு ஆக்குவேன். பீடியே குடிக்கதில்லன்னு சத்தியம் பண்ணுவீயளே..."

"பீடியா?" அய்யாத்துரை முதல் முறையாகத் திரும்பினார்.

"ஆமா, பீடி. எத்தனை சத்தியம்! எம் மூக்கு செத்த மூக்குங்க தைரியத்துலதானே? போன ஆடியில கள்ளுக்கடைக்கும் போனீய. சேக்காளிக்கு ஒடம்பு சரியில்ல, பாத்துட்டு வாரேன்னு சொன்னீய. சீக்காளி வீட்டுல யாரு கள்ளு ஊத்துதாக? நானும் 'இப்ப எப்படி இருக்காரு'ன்னு கேட்டேன். 'தேவலை'ன்னீய."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்பச் சொல்லுங்க. யாரு யாரை ஏமாத்துனா?"

எதிர்வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்து, உடனே மூடிக்கொண்டது. எங்கோ சூளையில் நெருப்பு மூட்டியிருந்தார்கள். புகை சந்துக்குள் தாழ்வாக வந்தது. அய்யாத்துரை தம் உள்ளங்கைகளைப் புரட்டிப் பார்த்தார். நாரின் கீறல்கள் இருந்தன.

"இப்ப என்ன வாடை அடிக்கி?" என்று கேட்டார். அவர் குரலில் அவ்வளவு பயத்தை அவள் கேட்டதில்லை.

பேராச்சி படியைத் தாண்டி வெளியே வந்தாள். சந்து பார்க்குமே என்று யோசிக்கவில்லை. அவர் தோளருகே குனிந்து, பூக்கடையில் நின்றதைவிட அதிக நேரம், நன்றாக மூச்சை இழுத்தாள்.

"மேல சோப்பு. தேங்காநாரு. அடியில தோலு."

"இம்புட்டுத் தேய்ச்சுமா?"

"தேய்ச்சாப் போற வாடையா அது."

"மறைக்காம ஒண்ணு சொல்லு பேராச்சி. நாறுதா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"ஆமா, நாறுது" என்றாள்.

அவரைப் பார்த்து அந்தச் சொல்லை அந்த வீட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை. அய்யாத்துரை மெதுவாக எழுந்தார். நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து, உள்ளே போனார்.